தும்பிக்கை லை

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் அச்சகம். பதினாறு வருடமாக அங்கே டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வருகிறவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். முதலாளியையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

2023 தொடக்கத்தில் ஒரு நாள் காலை, பழைய பத்திரிகைக் கோப்பு ஒன்றைத் திறந்தால் பக்கம் முழுக்க இளஞ்சிவப்புப் பட்டை. அதற்குள் ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழை உட்கார வைத்தவை. எழுத்துரு போனால் நாற்காலிதான் மிஞ்சும்.

முந்தின நாள் பக்க வடிவமைப்பு மென்பொருளைப் புதுப்பித்திருந்தேன். எங்கள் எழுத்துருக்கள் 1984-ல் வந்த டைப் 1 என்ற பழைய வகை. புதிய பதிப்பு அவற்றை ஏற்காது. இரண்டு வருடத்துக்கு முன்பே அறிவித்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. படிக்காமல் ‘சரி’யை அழுத்தியவன் நான்.

“துட்டு குடுக்கிறது நாம, பறிச்சுட்டுப் போறது அவனா?” என்றார் அண்ணாச்சி. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. முன்பு சிடியாக வாங்கிய பதிப்பு இன்னும் அலமாரியில் இருக்கிறது. இப்போது கட்டுவது சந்தா, அதாவது வாடகை.

ஆங்கில நாற்காலி வேண்டாமல் தமிழ் எழுத்துக்கே தனி இடம் தரும் யூனிகோடுக்கு முன்பே மாறியிருக்கலாமே என்று கேட்கலாம். 2010-ல் தமிழக அரசே ஏற்றுக்கொண்டதுதான். ஆனால் அப்போது எங்களிடம் இருந்த பதிப்பில் யூனிகோடில் அடித்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காது, பின்னால் போய் நிற்கும். மாப்பிள்ளை பெயரில் கொம்பு இடம் மாறினால் யார் பதில் சொல்வது? பிந்தைய பதிப்பில் அது சரியானபோது, கை பழையதிலேயே ஊறிப்போயிருந்தது.

சரி, மாறிவிடுவோம் என்று உட்கார்ந்த வாரம்தான் அந்த ஆச்சி வந்தார். பேத்திக்குக் கல்யாணம். கையில் 1994-ல் எங்கள் கடையிலேயே அடித்த மகளின் பத்திரிகை. ஊர்ப் பெயர் இன்னும் ‘பம்பாய்’. இதே மாதிரி வேண்டும் என்றார். யூனிகோடில் அடித்து மாதிரி காட்டினேன். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, ‘காலை 9 மணிக்கு மேல்’ என்ற வரியில் விரலை வைத்தார்.

“இது எந்த ஊரு லை, ய்யா?”

பழைய பத்திரிகையைப் பார்த்தேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை. எழுத்தின் தலைக்கு மேல் யானைத் தும்பிக்கை போல வளைகிற ஐகாரம். ணை, ளை, னை மூன்றுக்கும் அப்படித்தான். சீர்திருத்தம் வந்து 16 வருடம் கழித்தும் அந்த எழுத்துருவில் யாரோ அவற்றை மறக்காமல் வரைந்து வைத்திருக்கிறார்கள். யூனிகோடுக்குப் பழைய லையும் புதிய லையும் ஒன்றுதான். எப்படிக் காட்டுவது என்பது எழுத்துருவின் பாடு. எங்களிடம் இருந்த யூனிகோட் எழுத்துரு ஒன்றிலும் தும்பிக்கை இல்லை. காலை, மாலை இரண்டும் வராத பத்திரிகை உண்டா? இத்தனை வருடத்தில் எத்தனை லை அடித்திருப்பேன், அதை ஒரு வசதி என்று நானே நினைத்ததில்லை. நிறுத்தியவர்களுக்கு எங்கே தெரிந்திருக்கும்?

பழைய எழுத்துருவைப் புதிய வகைக்கு மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். வடிவங்கள் வந்தன, இடைவெளிகள் கலைந்துவிட்டன. கடைசியில் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கி, இன்டர்நெட் வயரைக் கொடுக்காமல் சிடி பதிப்பை ஏற்றினோம். அதில் அடித்து, எழுத்தையெல்லாம் எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுப் படமாக்கி, பென் டிரைவில் புது மெஷினுக்குக் கொண்டுபோனேன். அதன்பிறகு பிழை திருத்த முடியாது. நாத்தனார் பெயர் ஒன்று விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து அடித்தேன்.

ஆச்சி பத்திரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டார். மறுவாரம் அண்ணாச்சி கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டுக்குப் போய், அதே காலத்து கம்ப்யூட்டர் இன்னொன்றைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி வந்தார். முதலாவது கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று பரணில் ஏற்றி வைத்திருக்கிறோம்.