எழுத்துப்பிழை திருத்தம்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திருத்திவிட்டு, என்ன மாற்றினோம் என்று குறிக்கும் தொகுப்புச் சுருக்கத்தில் நான் எழுதிய இரண்டு சொற்கள் அவை. கட்டுரையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சேமித்துவிட்ட சுருக்கத்தை மாற்ற முடியாது. நாள், நேரம், பைட் கணக்கோடு என் பயனர் பெயருக்குப் பக்கத்திலேயே அது வரலாற்றுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நான் செய்தது இதுதான். ஒளிச்சேர்க்கை பற்றிய கட்டுரையில் 34 இடங்களில் 'ஒட்சிசன்' என்று இருந்ததை 'ஆக்சிஜன்' என்று மாற்றினேன். ஒவ்வொன்றாகப் படித்து அல்ல, தேடி மாற்றும் வசதியில் ஒரே சொடுக்கில். அரை மணி நேரத்தில் மாற்றம் மீளமைக்கப்பட்டது. பேச்சுப் பக்கத்தில் ஒரே வரி:

“வணக்கம். எந்தப் பிழையைத் திருத்தினீர்கள்?”

கேட்டவர்தான் கட்டுரையின் பெரும்பகுதியை எழுதியவர். இலங்கைக்காரர் என்பது நடையிலேயே தெரியும். ஒளிச்சேர்க்கையை அவர் 'ஒளித்தொகுப்பு' என்பார்.

'ஒட்சிசன்' இலங்கை வழக்கு என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் தெரியும். அங்கே காபன், இங்கே கார்பன். அங்கே நைதரசன், இங்கே நைட்ரஜன். அங்கே சமதானி, இங்கே ஐசோடோப்பு. அதற்குள் நூற்றுக்கணக்கான கட்டுரைகளைத் துப்புரவு செய்திருந்த எனக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. அப்படியானால் ஏன் பிழை என்று எழுதினேன்? அன்றிரவு, நான் கவனித்துவரும் கட்டுரைகளின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியல் நீண்டு கிடந்தது. சுருக்கப் பெட்டியில் 'எ' என்று தட்டியதும் உலாவி பழைய 'எழுத்துப்பிழை திருத்தம்' என்பதைத் தானாக நீட்டும், நானும் தட்டிவிட்டேன். இது உண்மை. ஆனால், உலாவி வேறு எதையாவது நீட்டியிருந்தால் நிறுத்தி யோசித்திருப்பேனா என்று கேட்டால், அதற்கும் பதில் இல்லை.

அவருடைய ஒரு வரிக்கு நான் எழுதிய பதில் மூன்று திரைகள் நீளும். பரவலான வழக்கு, தேடுபொறியில் எந்தச் சொல் அதிகம் வருகிறது, தமிழ்நாட்டு மாணவர்களின் எண்ணிக்கை, தலைப்புக்கு வழிமாற்று உண்டு (வேறு பெயரில் தேடினாலும் கட்டுரைக்குக் கொண்டுசேர்க்கும்) ஆனால் உள்ளே வரும் சொல்லுக்குக் கிடையாது என்ற வாதம். இன்று படித்தாலும் வாதங்கள் தேறுகின்றன. எந்தப் பிழை என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை.

அவர் பொறுமையாகத்தான் எழுதினார். 'லக்ஷம்' தமிழில் லட்சம் ஆனது, 'பரீக்ஷை' பரீட்சை ஆனது. அதே வழியில்தான் ஒட்சிசனும் வந்தது, கிரந்த எழுத்தும் வேண்டியதில்லை என்றார். லட்சமும் பரீட்சையும் நான் தினமும் எழுதும் சொற்கள். அதற்கு நான் என்ன சொல்ல? “விவாதம் அதுவல்ல” என்று எழுதினேன். விவாதத்தில் தோற்கிறவர் எழுதும் வரி அது என்பது அப்போதே தெரிந்திருந்தது.

இதைவிடக் கூச்சம் தருவது வேறொன்று. இலங்கைப் பாடநூலிலிருந்து மேற்கோள் குறிக்குள் எடுத்தாண்ட ஒரு வாக்கியத்தையும் என் சொடுக்கு மாற்றியிருந்தது. 'காபனீரொட்சைட்டு' மட்டும் தப்பிவிட்டது. ஆக, அச்சில் இருந்த நூலின் வரி என் கையால் “தாவரங்கள் காபனீரொட்சைட்டை உள்ளெடுத்து ஆக்சிஜனை வெளியிடுகின்றன” என்று ஆயிற்று. எந்த நாட்டுப் பிள்ளையும் படிக்காத தமிழ். அவர் அதைச் சுட்டிக்காட்டவே இல்லை. பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டாரா?

நான் இரண்டு முறை மீளமைத்தேன். மூன்றாவது முறை கை வைக்கவில்லை. நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். மாறி மாறி மீளமைப்பதைத் தடுக்கும் தொகுப்புப் போர் விதி எத்தனையாவது மீளமைப்பில் பாயும் என்ற கணக்கும் மனத்தில் ஓடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் மூன்றாவது பயனர் ஒருவர் வந்து, முதல் முறை வரும் இடத்தில் 'ஒட்சிசன் (ஆக்சிஜன்)' என்று இரண்டையும் போட்டு, மற்ற இடங்களில் கட்டுரையைத் தொடங்கியவரின் வழக்கையே வைக்கலாம் என்றார். இருவரும் ஒப்புக்கொண்டோம். நியாயமான முடிவுதான். ஆனால் தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டதைப் போல ஒப்புக்கொண்டேன்.

நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2021 மே மாதம் தமிழ்நாடு முழுக்க ஆக்சிஜன் படுக்கைக்காக அலைந்தபோது, என் உறவினர் ஒருவருக்காக நானும் கைபேசியோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் ஒருவர் தேடினால் அவர் தட்டும் சொல்லிலேயே தகவல் கிடைக்க வேண்டும். மொழியியல் அப்புறம்தான் என்று எனக்குள் வாதாடினேன். சில மாதங்கள் கழித்து அதே பெருந்தொற்றில் இலங்கைச் செய்திகளில் ஒட்சிசன் தட்டுப்பாடு. அங்கேயும் யாரோ விடிய விடிய உட்கார்ந்து அந்தச் சொல்லைத்தான் தட்டியிருப்பார்கள். என் வாதத்தை நாடு மாற்றிப் போட்டால் அது அவருடைய வாதம். இதை அவருக்கு எழுதலாம் என்று பேச்சுப் பக்கத்தைத் திறந்தேன். பழைய உரையாடல்கள் காப்பகத்துக்குப் போயிருந்தன. காப்பகத்தில் எழுதக் கூடாது. புதிய தலைப்பு தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை.

அதன் பிறகு ஒரு முறை அவரிடமிருந்து 'நன்றி' வந்தது. சொற்கள் இல்லை, பொத்தானை அழுத்தினால் அறிவிப்பாக வருமே, அது. பனை மரக் கட்டுரையில் யாரோ 'பணை' என்று எழுதியிருந்ததை நான் 'பனை' ஆக்கியிருந்தேன். சுருக்கத்தில் வழக்கம்போல 'எழுத்துப்பிழை திருத்தம்'. அந்தத் தொகுப்புக்குத்தான் நன்றி.

உண்மையான நன்றியாகவும் இருக்கலாம், அவருக்குப் பனை மீது அக்கறை இருக்கக்கூடும். 'இதுதான் ஐயா பிழை' என்று சொன்னதாகவும் இருக்கலாம். அறிவிப்பை இன்னும் படிக்காததாகக் குறித்து வைத்திருக்கிறேன்.