குறட்டை நின்றால் கவனியுங்கள்

எண்டோஸ்கோபி அறையில் மயக்க ஊசியால் வரும் தொல்லைகளுக்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். மயக்க மருந்தான மிடாசோலம் நரம்பில் ஏறியதும் வேலையை முடித்துவிடாது. முழு வீரியம் தெரிய 3 முதல் 5 நிமிடம் ஆகலாம். வயதானவர்களுக்கு இன்னும் தாமதமாகும். ‘இன்னும் கண் அயரலையே’ என்று ஒரு நிமிடத்தில் அடுத்ததைப் போட்டால் இரண்டும் சேர்ந்து அமுக்கும்.

வேறு பெரிய நோய் இல்லாதவருக்கு 1 முதல் 2 மி.கி., மெதுவாக. குறைந்தது 2 நிமிடம் பொறுத்து, தேவைப்பட்டால் மட்டும் இன்னும் 1 மி.கி. முதியவர்களுக்கு எல்லாமே பாதி. வலி மருந்தான ஃபென்டனிலும் சேர்த்துக் கொடுப்பதானால் அதை முதலில் போட்டு, அது பிடித்த பிறகே மிடாசோலம்.

ஆம்பூலை (மருந்துக் குப்பியை) வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். மிடாசோலம் மி.லி.க்கு 1 மி.கி. என்றும் வருகிறது, 5 மி.கி. என்றும் வருகிறது. மாறிப்போனால் ஐந்து மடங்கு உள்ளே போய்விடும். இந்த அறையில் 1 மி.கி. வகையை மட்டும் வைத்தால் அந்தக் குழப்பமே இல்லை.

மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது, மூச்சு நின்ற பிறகும் விரலில் மாட்டிய கருவி ரத்தத்தின் ஆக்சிஜனைச் சற்று நேரம் 98 என்றே காட்டும். அந்த எண்ணை நம்பி உட்காரக் கூடாது. வெளிவிடும் மூச்சை அளக்கும் கேப்னோகிராஃப் இருந்தால் மாட்டுங்கள். இல்லையென்றால் ஒருவர் நெஞ்சை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குறட்டை வந்தால் நல்ல தூக்கம் என்று விடாதீர்கள், நாக்கு பின்னால் சரிகிறது. வயிறு ஏறும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, குறட்டை சட்டென்று நின்றாலோ மூச்சுப்பாதை அடைத்திருக்கலாம். பெயர் சொல்லித் தட்டுங்கள், தாடையை முன்னால் தூக்குங்கள், ஸ்கோப்பை (எண்டோஸ்கோபிக் குழாயை) வெளியே எடுங்கள். மூச்சு வராவிட்டால் உடனே ஆம்பு பை, அதாவது கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை. அதன் பிறகுதான் மிடாசோலத்தை முறிக்கும் ஃப்ளூமசெனில்: 0.2 மி.கி., நிமிடத்துக்கு ஒரு முறை, மொத்தம் 1 மி.கி. வரை. ஃபென்டனிலை முறிக்க நலோக்சோன்.

ஃப்ளூமசெனில் மிடாசோலத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். எழுந்து பேசியவர் மறுபடி சரிவார். 2 மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்கட்டும். ஸ்கோப்பை எடுத்ததும் உறுத்தல் போய்விடுவதால், முறிப்பு மருந்து வாங்காதவருக்கும் மயக்கம் அப்போதுதான் ஆழமாகும். மானிட்டரைக் கழற்ற அவசரப்படாதீர்கள்.

முன்கூட்டியே கேட்க வேண்டியவை: திட உணவு நிறுத்தி 6 மணி நேரம், தண்ணீர் நிறுத்தி 2 மணி நேரம் ஆகிவிட்டதா? தூக்கத்தில் மூச்சுத் திணறல் உண்டா? சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ செமாக்ளுடைட் ஊசி போடுகிறாரா? அது இரைப்பையை மெதுவாகக் காலியாக்கும்.

பரிசோதனை முடிவை நோயாளியிடம் மட்டும் சொன்னால், தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். மிடாசோலம் நினைவில் பதியவிடாது. கூட வந்தவரை அழைத்துச் சொல்லி, எழுதியும் கொடுங்கள்: 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துக் கூடாது, இரவு தனியாக விடக் கூடாது.