வங்கி சொன்ன கணக்கும் கொப்பியில் வந்த கணக்கும்

என் தங்கச்சியும் மச்சானும் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மூன்று அறைகள் கொண்ட பழைய தொடர்மாடி வீடொன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். விலை 2 கோடி 20 இலட்சம். இருவரின் கைக்கு வரும் சம்பளம் சேர்த்து மாதம் 3,20,000 ரூபா. அதில் பாதியைத் தவணையாகக் கட்டலாம் என்று கணித்து, 12 சதவீத வட்டியில் 20 வருடங்களுக்கு 1 கோடி 45 இலட்சம் தரலாம் என வங்கி சொல்லியிருந்தது. சேமிப்பும் யாழ்ப்பாணத்துக் காணியை விற்கும் பணமுமாகக் கையில் 90 இலட்சம் சேரும் என்பதால், அவர்களைப் பொறுத்தவரை விடயம் முடிந்துவிட்டது.

நான் மருமகனின் சீ.ஆர். கொப்பியொன்றை வாங்கி, வீட்டின் விலையை எழுதாமல், இப்போது மாதாமாதம் அவர்கள் உண்மையில் எதை ஒதுக்குகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினேன். வாடகை 85,000, அடுத்த மாதத்தோடு முடியும் சீட்டு 30,000, ஆக 1,15,000. மீதி 2,05,000 முழுவதும் செலவாகிறது. பிள்ளைகளின் வகுப்புக் காசு இனிக் கூடுமே தவிரக் குறையாது. சொந்த வீட்டில் வாடகை இல்லாவிட்டாலும், தொடர்மாடியின் பராமரிப்புக் கட்டணம், மாநகர சபைக்குக் கட்டும் சோலை வரி, இடையிடையே வரும் திருத்த வேலைகள் என்று மாதம் 25,000 ஆவது ஒதுக்க வேண்டும். ஆகவே தவணைக்கு எஞ்சுவது 90,000 தான். வங்கி நினைத்த 1,60,000 அல்ல.

அடுத்தது வட்டி. பெரும்பாலான வீட்டுக்கடன்களின் வட்டி சில வருடங்களுக்குப் பின் சந்தையோடு சேர்ந்து மாறும். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதையும், அதன்பின் கடன்காரர் பட்ட பாட்டையும் கொழும்பில் இருக்கும் எவரும் மறந்திருக்க முடியாது. 1 கோடி 45 இலட்சத்துக்கு 12 சதவீதத்தில் வரும் 1,60,000 ரூபா தவணை, 20 சதவீதத்தில் ஏறக்குறைய 2,46,000 ஆகிவிடும். எனவே 15 சதவீதத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன்: 90,000 ரூபா தவணை தாங்கக்கூடிய கடன் 68 இலட்சம்.

“அண்ணா, வங்கியே தாறன் எண்டு சொல்லுது, நீங்கள் ஏன் தடுக்கிறீங்கள்?” என்று தங்கச்சி கேட்டாள். வங்கிக்கு வீட்டின் உறுதிப்பத்திரம் ஈடாக இருக்கிறது, உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். (ஊழியர் சேமலாப நிதியையும் ஈடு வைக்கலாம் என்று மச்சான் சொன்னார். அந்நிதியில் சேர்ந்திருக்கும் தொகையில் 75 சதவீதம் வரை வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் தவணை தவறினால் போவது முதுமைக்கான பணம் என்பதால் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

கையிலுள்ள 90 இலட்சமும் வீட்டுக்குப் போகாது. ஆறு மாத வீட்டுச் செலவென்று 12 இலட்சத்தைத் தொடாமல் வைத்தால் 78 இலட்சம். உறுதி மாற்றும்போது முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமும் முத்திரைத் தீர்வை இருக்கிறது. வழக்கமாக வாங்குபவர்தான் கட்டுவார். இதோடு நொத்தாரிசின் கட்டணம், ஈட்டு உறுதி, மதிப்பீட்டறிக்கை எல்லாம் சேர்த்து விலையில் 6 சதவீதத்தை ஒதுக்கினேன். கையில் எஞ்சும் 78 இலட்சத்தையும் கடன் 68 இலட்சத்தையும் கூட்டி, இந்தச் செலவைக் கழித்ததும் கொப்பியின் அடியில் வந்த விலை 1 கோடி 37 இலட்சம்.

மச்சான் கூட்டலை இரண்டு தடவை சரிபார்த்தார். தங்கச்சி ஒன்றும் பேசாமல் பேனையை வாங்கி, “மூன்று அறை” என்று தான் முதலில் எழுதியிருந்ததை வெட்டி “இரண்டு” என்று எழுதினாள். “வெள்ளவத்தை” என்பதை வெட்டவில்லை, பக்கத்தில் “தெஹிவளை, வத்தளை” என்று மட்டும் சேர்த்தாள். காணி விற்ற காசு கைக்கு வரும்வரை எவருக்கும் முற்பணம் கொடுப்பதில்லை என்று மச்சான் ஒப்புக்கொண்டிருக்கிறார்.