பைத்தானும் பலசரக்குக் கடை வெங்காயமும்

சின்னப் பலசரக்குக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கத்துக் கடைகள்தான் பெரும்பாலும். எழுதுவது பைத்தான் மொழியில், திரைக்கு பைசைடு6, தரவு சேமிக்க எஸ்கியூலைட். எல்லாம் முடிந்ததும் பைஇன்ஸ்டாலரில் கட்டி, கிளிக் செய்தால் ஓடும் ஒரு எக்ஸி. பைசைடு போலவே க்யூட்டி என்ற திரை வரையும் நூலகத்தைப் பைத்தானுக்குத் தரும் பைக்யூட்டி6-ஐ விட்டுவிட்டு பைசைடைப் பிடித்ததற்கு லைசென்ஸ்தான் காரணம். முன்னது ஜிபிஎல், அதாவது மென்பொருளைக் கொடுத்தால் அதன் மூல நிரலையும் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். பின்னதில் எல்ஜிபிஎல் என்ற தளர்வான லைசென்ஸ் இருக்கிறது. மொத்த வேலைக்கே பேரம் பேசுகிறவரிடம் லைசென்ஸ் கட்டணம் வேறு கேட்டால் கடைக்குள் விடமாட்டார்.

இந்த வேலையில் கூட்டல் கழித்தல் எல்லாம் லேசு. பொருளின் பெயரைத் தமிழில் வைத்ததும்தான் சோதனை ஆரம்பம். "பில்லுல ஆனியன்னு வந்தா எங்க ஊர்ல யாருக்குத் தம்பி புரியும்? வெங்காயம்னே போடு" என்றார் ஒரு அண்ணாச்சி. நியாயமான பேச்சு.

வெங்காயம் என்பதில் நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. பைத்தானில் நீளம் சொல்லும் லென்னைக் கேட்டால் ஒன்பது என்கிறது. எழுத்துகளுக்குக் கணினி வைக்கும் எண் பட்டியலான யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள், அதனால். மதிப்புகளை வரிக்குள் பொருத்தும் எஃப்-ஸ்ட்ரிங்கில் பெயருக்கு இருபது இடம் ஒதுக்கி, விலையை நேர்கோட்டில் நிறுத்தும் வித்தை ஆங்கிலத்தில் செல்லும். தமிழில் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்தில் முடியும். சரி, எழுத்து எழுத்தாக எண்ணும் ஃபங்ஷன் எழுதிக்கொள்ளலாமே என்றால் அதுவும் உதவாது. 'ணை' எடுக்கும் அகலம் வேறு, 'ர' எடுக்கும் அகலம் வேறு. க்யூட்டியில் எழுத்துருவை அளக்கும் க்யூஃபான்ட்மெட்ரிக்ஸிடம் ஹரிசான்டல்அட்வான்ஸ், அதாவது சொல் எடுக்கும் அகலம், கேட்டு பிக்சலில் அளந்துவிடுவதுதான் நல்லது.

தேடல் பெட்டியில் இதைவிடப் பெரிய வேடிக்கை. பைத்தானோடு வரும், எழுத்துத் தொடர்களைத் தேடிப் பிடிக்கும் ரீ மாட்யூலில், சொற்களைப் பிரிக்க எல்லாரும் போடும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ்ஸைப் போட்டுப் பாருங்கள். வெங்காயம் 'வ', 'ங', 'க', 'யம' என்று நாலு துண்டாக வரும். கொம்பையும் காலையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிப்பதில்லை. இஸ்ஆல்ஃபா-வும் இதே ஜாதி. 'வெங்காயம் எழுத்துகளால் ஆனதா?' என்றால் ஃபால்ஸ் என்று கூசாமல் சொல்லும். பைத்தானுக்கு மாட்யூல் இறக்கித் தரும் பிப்பில் கிடைக்கும் ரெஜெக்ஸ் என்ற தனி மாட்யூல் இதை ஒழுங்காகச் செய்கிறது. நான் அதையும் விட்டுவிட்டு, வெறும் ஸ்பிளிட் போட்டு இடைவெளியில் வெட்டிக்கொள்கிறேன். பலசரக்குப் பெயருக்கு அது தாராளம்.

கொத்தமல்லி இன்னொரு வகை. 'கொ'வில் இருக்கும் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எஸ்கியூலைட்டுக்கு வேறு வேறு. பழைய எக்செல் பட்டியலிலிருந்து ஏற்றிய கொத்தமல்லியை கீபோர்டில் அடித்துத் தேடினால் 'இல்லை' என்று வரும். அண்ணாச்சிக்குப் பின்னால் மூட்டை இருக்கும். யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸை எடுத்து, சேமிக்கும்போதும் தேடும்போதும் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அப்புறம் பிரின்டர். கடைகளில் இருக்கும் தெர்மல் பிரின்டர்களுக்குப் பெரும்பாலும் தமிழே தெரியாது. பில்லைப் படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். 80 மி.மீ. தாள் என்றால் வழக்கமாக 576 புள்ளி அகலம், 58 மி.மீ. என்றால் 384. படம் என்றதும் எல்லாரும் போல நானும் படம் வரையும் பில்லோ மாட்யூலைத்தான் எடுத்தேன். வந்த காகிதத்தில் 'வ'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய் 'ங'வோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பில்லோ தன் சாதாரண லேஅவுட்டில், சேமித்த வரிசையில் குறியீடுகளை அப்படியே அடுக்கிவிடுகிறது. தமிழ் சரியாக வர, எழுத்துகளை முறைப்படி கோக்கும் ராக்ம் லேஅவுட் வேண்டும். 8.2 பதிப்பிலிருந்து ராக்ம் பில்லோவோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் அதற்குத் துணையான ஃப்ரிபிடியை விண்டோஸில் நாமே டிஎல்எல் என்ற துணைக் கோப்பாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கடை கம்ப்யூட்டரிலும் ஒரு டிஎல்எல்லைக் காவல் காக்க எனக்குத் தெம்பில்லை. க்யூட்டி எழுத்துகளைக் கோத்து வரையும் வேலைக்குத் தன்னிடமே ஹார்ஃபஸ் வைத்திருக்கிறது. க்யூஇமேஜில் க்யூபெயின்டரால் வரைந்தேன், விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துருவில். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது. எழுத்தின் ஓரத்தைச் சாம்பலால் மெழுகும் ஆன்டிஅலியாசிங்கை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். சாம்பல் நிறம் கறுப்பு வெள்ளையாகும்போது புள்ளி காணாமல் போய், 'ங்' வெறும் 'ங' ஆகிவிடும்.

ஃபைல் எழுதுவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபைலைத் திறக்கும் ஓப்பனில் என்கோடிங்கை (எழுத்தை பைட்டாக்கும் முறையை) யுடிஎஃப்-8 என்று கொடுக்காவிட்டால் விண்டோஸில் 'சார்மேப்' என்று ஒரு பிழை வந்து மென்பொருள் படுத்துவிடும். 3.15 பதிப்பிலிருந்து பைத்தானே யுடிஎஃப்-8-ஐ எடுத்துக்கொள்ளும் என்று பைத்தான் மாற்றங்களுக்கான பெப் 686 ஆவணத்தில் முடிவாகியிருக்கிறது. ஆடிட்டருக்குப் போகும் சிஎஸ்வி என்றால் ஃபைலின் தலையில் ஒரு அடையாளம் வைக்கும் யுடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். வெறும் யுடிஎஃப்-8 கொடுத்தால் எக்செல் தமிழைக் குப்பையாகக் காட்டக்கூடும்.

காசு விஷயத்தில் அண்ணாச்சி என்னைவிடக் கூர்மை. பில் 62.50 என்றால் மென்பொருள் 62 என்றது. 63.50 வந்தபோது 64 என்றது. "அம்பது பைசா வந்தா மேலதானப்பா போகணும். உன் மிஷினுக்கு ஆளுக்கு ஒரு நியாயமா?" பைத்தானின் ரவுண்ட், சரி பாதி வந்தால் பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். அது வங்கிக்காரர்களின் நியாயம், கடைத்தெருவில் செல்லாது. பதின்மக் கணக்குக்கான டெசிமலுக்கு மாறி, குவான்டைஸில் ரவுண்ட்-ஹாஃப்-அப் (பாதி வந்தால் மேலே) கொடுத்ததும் அவர் சமாதானமானார்.

பிரின்டரில் தாள் தீர்ந்தால் மென்பொருளின் ஜன்னல் உறைந்துபோகும் தொல்லையும் உண்டு. பிரின்ட் வேலையை வேறு த்ரெட்டுக்கு, அதாவது பக்கத்திலேயே தனியாக ஓடும் இன்னொரு வேலை வரிசைக்குத் தள்ளி, முடிந்ததையோ முடியாததையோ சிக்னலாக அனுப்பச் சொன்னால் போதும். அந்த த்ரெட் ஜன்னலின் எந்தப் பட்டனையும் நேராகத் தொடக்கூடாது. எஸ்கியூலைட் இணைப்பையும் அங்கேயே புதிதாகத் திறக்க வேண்டும். பழைய இணைப்பை எடுத்துப் போனால், 'இது வேறு த்ரெட்டில் பிறந்தது' என்று பைத்தான் பிழை எறியும்.

இதே தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் போன் போட்டான். "அண்ணே, எக்ஸியை மூடித் திறந்தா டேட்டா எல்லாம் போயிருதுண்ணே." டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்றேன். மெயின் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே என்றான். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடைத்த ஒன்ஃபைல் எக்ஸி, திறக்கும்போது ஒரு தற்காலிக ஃபோல்டரில் தன்னைப் பிரித்துக்கொண்டு, மூடும்போது அதை அழித்துவிட்டுப் போகும். பில் எல்லாம் அந்த ஃபோல்டரோடு போகிறது. டேட்டாபேஸை விண்டோஸ் மென்பொருள்களின் தரவுக்கென வைத்திருக்கும் லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டருக்கு மாற்றச் சொன்னேன். கூடவே சிஸ் மாட்யூலில், பிடிபடாத பிழை கடைசியாக வந்து சேரும் எக்செப்ட்ஹுக்கில், வரும் பிழையெல்லாம் ஒரு லாக் ஃபைலில் விழும்படி செய்யச் சொன்னேன். கருப்புத் திரை இல்லாத எக்ஸியில் பிழைச் செய்தி போய் விழ இடமே கிடையாது.

இப்போது பொருள் பட்டியலின் வரிசை. பைத்தானில் வரிசைப்படுத்தும் சார்ட்டெட் போட்டால் புளி முன்னால் வருகிறது, புழுங்கல் அரிசி பின்னால். யூனிகோடில் ளகரத்துக்கு அடுத்துதான் ழகரம். நம் அகரவரிசையில் ழகரம்தான் முந்தியது. எழுத்துக்கு எழுத்து எண் கொடுத்து ஒரு கீ ஃபங்ஷன் எழுதி, அகராதி வரிசையிலேயே கொண்டுவந்து அண்ணாச்சியிடம் காட்டினேன். அவருக்கு அகரவரிசையே வேண்டாமாம். அலமாரியில் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில் வரவேண்டுமாம். டேபிளில் வரிசை எண் என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன், முடிந்தது.