திருகைத் தொடுவதற்கு முன்: பழைய சாகாவின் ஐட்லிங்

எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் முதல் தலைமுறைப் புரோட்டோன் சாகா கார், அப்பா வாங்கியது. 1985 ஜூலையில் அறிமுகமான அந்த வரிசையின் 1.3 லிட்டர் எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர் வைத்தது. இன்றைய கார்களில் ஐட்லிங்கை, அதாவது கார் நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை, கணினியே கவனித்துக்கொள்கிறது. இதில் கோளாறு வந்தால் காதையும் கையையும் கொண்டுதான் தேட வேண்டும். சென்ற மழைக்காலத்தில் சுங்கை சிப்புட் பட்டணத்துச் சமிக்ஞை விளக்கில் நிற்கும் போதெல்லாம் எஞ்சின் உதறியது, எண்ணெய் விளக்கு மினுக்கியது, ஏர்கோன் போட்டிருந்தால் அணைந்தே போனது. சாலையில் ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு பட்டறையில் காட்டினேன். அங்கிருந்த போமென் (மெக்கானிக்) எதையும் சோதிக்காமல் திருகைத் திருப்பி ஐட்லிங்கை ஏற்றிவிட்டு அனுப்பினார். அணைவது நின்றது, உதறல் நிற்கவில்லை. அதோடு, சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும் எஞ்சின் இரண்டு மூன்று முறை குலுங்கி ஓடத் தொடங்கியது. ஐட்லிங் அளவுக்கு மேல் ஏறிய கார்பரேட்டர் எஞ்சின்கள் இப்படிச் செய்வதுண்டு. காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் போர்வையைப் போர்த்தியது போன்ற வேலை அது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

முன்பு தோட்டத்தில் செம்பனை லாரிகளைப் பழுதுபார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் வரிசையில் குடியிருக்கிறார். அவரிடம் சொன்னபோது, "ஸ்குருவ விடு தம்பி. காத்து எங்க உள்ள போவுதுன்னு மொதல்ல பாரு" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை விளக்க வேண்டும். எஞ்சின் சும்மா ஓடும்போது, காற்று போகும் வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடு ஏறக்குறைய முழுவதும் மூடியிருக்கும். மயிரிழை இடைவெளி வழியாகவே காற்று உள்ளே போகும். அதனால் கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டில் வெற்றிடம் மிக வலுவாக இருக்கும். நல்ல எஞ்சினில், அந்த வெற்றிடத்தை அளக்கும் வெக்கூம் மீட்டர் பெரும்பாலும் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை காட்டும். அந்த நேரத்தில் ஓர் ஊசிமுனை ஓட்டை வழியாகக் கூடுதலாக நுழையும் காற்றுக்குக்கூட, அதற்கேற்ற பெட்ரோல் கிடைப்பதில்லை. கலவை நீர்த்துப்போகிறது, எரிதல் தளர்கிறது, சுற்று இறங்குகிறது. சாலையில் காலை அழுத்தியதும் திராட்டில் அகலமாகத் திறந்துவிடுவதால், அதே ஓட்டை பெருவெள்ளத்தில் ஒரு குவளைத் தண்ணீர் போலக் காணாமல் போய்விடுகிறது. ஓடும்போது நன்றாகவும் நிற்கும்போது மோசமாகவும் இருக்கும் காரில் முதலில் இதையே சந்தேகிக்க வேண்டும் என்பேன்.

எளிய சோதனைகளை முதலில் முடித்தேன். தோட்டத்துச் செம்மண் புழுதி அடைத்திருந்த காற்று வடிகட்டியை மாற்றினேன். பிளக்குகள் நான்கும் ஒரே நிறத்தில் இருந்தன. சாவியைப் போட்டதும் கார்பரேட்டரின் எரிபொருள் தடுப்பு வால்வு 'டிக்' என்றது. அது கெட்டால் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடாமல் அணைந்துவிடும். பிரேக்கை அழுத்த உதவும் பூஸ்டருக்குச் செல்லும் பெரிய வெக்கூம் குழாயைக் கிடுக்கியால் இறுக்கிப் பார்த்தேன், உதறலில் மாற்றமில்லை, ஆகவே கசிவு அங்கே இல்லை.

பிறகு ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டைச் சுற்றி மெல்ல நகர்த்தினேன். ஏர்கோனுக்காக ஐட்லிங்கை உயர்த்தும் கருவிக்குப் போகும் சிறு வெக்கூம் குழாய் அருகில் 'ஸ்ஸ்' என்ற சீறல் கேட்டது. மேலே பார்த்தால் ஒன்றுமில்லை. கழற்றி விரல்களுக்கிடையே வளைத்தபோதுதான், மேனிஃபோல்டில் மாட்டும் முனையின் அடிப்பக்கத்தில், வெடித்த உதடு போல ஒரு பிளவு வாய் திறந்தது. வெயிலும் எஞ்சின் சூடும் அந்த ரப்பரைச் சுள்ளி போல ஆக்கியிருந்தன. உதறலுக்கும், ஏர்கோன் போட்டதும் அணைந்ததற்கும் இந்த ஒரு பிளவே காரணம்.

புதுக் குழாய் மாட்டியதும் எஞ்சினின் சுற்று மடமடவென்று நிமிடத்துக்கு 1200-க்கு ஏறியது. பட்டறையில் ஏற்றிய திருகு இப்போது தன்னைக் காட்டிக்கொடுத்தது. இனிதான் திருகுக்கு வேலை. எஞ்சின் நன்றாகச் சூடேறி, குளிர்ந்த எஞ்சினுக்காகக் காற்றைக் குறைக்கும் சோக் முழுதும் விலகி, முன்விளக்கும் ஏர்கோனும் அணைந்து, ரேடியேட்டர் விசிறி சுழலாமல் இருக்கும்போது, கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, மீட்டரைப் பார்த்தபடி 800-க்கு இறக்கினேன். இத்தகைய எஞ்சின்களுக்கு 750 முதல் 850 வரை பொருந்தும். பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் கலவைத் திருகைத் தொடுவதாக இருந்தால், அது அடியில் முட்டும் வரை எத்தனை சுற்று என்று முதலில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டிய பின் இறுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும். நான் அதைத் தொடவில்லை, தேவைப்படவுமில்லை.

ஏர்கோனைப் போட்டால் இப்போது 900-இல் நிற்கிறது. எண்ணெய் விளக்கு மினுக்குவதில்லை. காலையில் சோக் விலகுவதற்குத்தான் சற்றுக் கூடுதல் நேரமாகிறது. அதை அடுத்த வாரம் பிரித்துப் பார்க்க வேண்டும்.