பக்கத்து மாடலின் டிடிஎஸ் கோப்பை அப்படியே நம்பாதீர்கள்

ரவுட்டர்களுக்கான திறந்தமூல லினக்ஸ் ஃபர்ம்வேரான ஓப்பன்டபிள்யூஆர்டி-யில் புது ரவுட்டருக்கு ஆதரவு சேர்ப்பது கர்னல் புலிகளின் வேலை என்று நினைத்து நிறைய பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். சிப்புக்கு டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது என்றால் நீங்கள் சி மொழியில் ஒரு வரிகூட எழுத வேண்டி வராது. உதாரணமாக, பல ரவுட்டர்களில் இருக்கும் எம்டி7621 சிப்பைக் கர்னலுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் போர்டில் ரீசெட் பட்டன் எந்தப் பின்னில் இருக்கிறது, நிரந்தர நினைவகமான ஃபிளாஷ் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எந்த போர்ட் இணையம் வரும் வான் (WAN) போர்ட், இதெல்லாம்தான் தெரியாது. பிசியில் இந்த மாதிரி விவரங்களை பயாஸ் சொல்லிவிடும், இங்கே நாம்தான் டிவைஸ் ட்ரீயில், அதாவது டிடிஎஸ் கோப்பில், எழுதித் தர வேண்டும். ஏதெரோஸ் சிப்களுக்கான பழைய ஏஆர்71எக்ஸ்எக்ஸ் பிரிவின் காலத்தில் இதற்கே போர்டுக்கு ஒரு சி கோப்பு எழுதினார்கள். அதற்குப் பதிலாக ஏடிஎச்79 வந்தபிறகு அந்தத் தொல்லை இல்லை.

எழுதுவது சுலபம் என்பதால் ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிட்டது. அதே சிப் இருக்கும் வேறொரு மாடலின் டிடிஎஸ்ஸை நகலெடுத்து, பெயரை மாற்றி, பூட் ஆகிறதா, வைஃபை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். நகலிலிருந்து தொடங்குவதில் தப்பே இல்லை, எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் உங்கள் போர்டில் கண்ணால் பார்த்த பிறகுதான் விட்டுவைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் அந்த ஃபர்ம்வேர் இமேஜை நம்பி இறக்கப் போகிறவருக்கு போர்டோடு நேரடியாகப் பேச உதவும் சீரியல் கேபிளும் இருக்காது, பேக்கப்பும் இருக்காது.

முக்கியமாக ஃபிளாஷ் பிரிவுகள். 16 எம்பி ஃபிளாஷ் உள்ள எம்டி7621 போர்டுகள் பலவற்றில் முதல் 192 கிலோபைட் பவர் போட்டதும் முதலில் ஓடும் பூட்லோடர், அடுத்த 64 அதன் அமைப்புகள், அதற்கடுத்த 64 ஃபேக்டரி பிரிவு, மிச்சமுள்ள 16064 கிலோபைட் ஃபர்ம்வேர். இமேஜுக்கான மேக்ஃபைலில் அளவு 16064கே என்று பல இடங்களில் பார்த்திருப்பீர்கள், கணக்கு இதுதான். ஆனால் சில தயாரிப்பாளர்கள் ஃபேக்டரி பிரிவையோ தங்கள் சொந்தத் தரவையோ ஃபிளாஷின் கடைசியில் வைத்திருப்பார்கள். அந்த போர்டில் இதே கணக்கைப் போட்டால் ஃபர்ம்வேர் பிரிவு அதன் மேல் ஏறிவிடும். முதல் பூட்டில், பயனரின் அமைப்புகள் சேமிக்கப்படும் ஓவர்லே உருவாகும்போது ஃபர்ம்வேர் பிரிவின் மிச்ச இடத்தை அழித்துத்தான் உருவாகும், அதோடு ஃபேக்டரி பிரிவும் போயிற்று. அதில் இருப்பது அந்த ஒரு பெட்டிக்காகத் தொழிற்சாலையில் அளந்து எழுதிய வைஃபை கேலிபிரேஷன் தரவு. வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டால் வைஃபை ஏதோ ஓடும், சிக்னலின் தரம் போய்விடும், மேக் முகவரியும் இன்னொருவருடையதாக இருக்கும். அதனால் முதல் வேலையாக ஒரிஜினல் ஃபர்ம்வேரின் பூட் லாக்கில் பிரிவுப் பட்டியலைப் பாருங்கள், முழு ஃபிளாஷையும் படித்து வேறு கணினியில் வைத்துக்கொள்ளுங்கள், டிடிஎஸ்ஸில் பூட்லோடருக்கும் ஃபேக்டரிக்கும் ரீட்-ஒன்லி போடுங்கள்.

லாக் பார்க்க சீரியல் வேண்டும். போர்டில் வரிசையாக நாலு பேட் இருந்தால் பெரும்பாலும் அதுதான். அடாப்டர் 3.3 வோல்ட் உடையதாக இருக்கட்டும், கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்றை மட்டும் இணையுங்கள், விசிசியைத் தொடாதீர்கள். வேகம் 115200 அல்லது 57600. திரையில் குப்பை எழுத்து வந்தால் மற்றதை முயலுங்கள்.

அப்புறம் ஜிபிஐஓ, அதாவது எல்இடி, பட்டன் போன்றவை இணைந்திருக்கும் சிப்பின் பின்கள். கர்னலில் பின்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து எந்த எல்இடி எரிகிறது என்று குறித்துக்கொள்ளலாம். பட்டனுக்கு அழுத்தும்போது எந்தப் பின்னின் மதிப்பு மாறுகிறது என்று பார்த்தால் போதும். இதை எஸ்எஸ்எச் வழியாகச் செய்யாதீர்கள், சில பின்கள் ஸ்விட்ச் சிப்பின் ரீசெட்டோடு இணைந்திருக்கும், தொட்டதும் இணைப்பு போய்விடும். சீரியலில் இருந்தால் என்ன நடந்தது என்றாவது தெரியும். எல்இடி தலைகீழாக எரிந்தால் ஆக்டிவ்-லோவா (0-இல் எரியும்) ஆக்டிவ்-ஹையா (1-இல் எரியும்) என்பதை மாற்றுங்கள், சரியாகிவிடும். ரீசெட் பட்டனில் மட்டும் அலட்சியம் வேண்டாம், கடவுச்சொல் மறந்தவருக்குக் கடைசி வழி அந்தப் பட்டன்தான்.

போர்ட் வரிசைக்குக் குறுக்குவழியே கிடையாது. பெட்டிக்கு வெளியே 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருப்பதும் ஸ்விட்சுக்குள் இருக்கும் எண்ணும் பல மாடல்களில் நேர் எதிராக இருக்கும். கேபிளை ஒவ்வொன்றிலும் செருகி எந்த லிங்க் எழுகிறது என்று பாருங்கள். இப்போது ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டையும் கர்னல் தனியாகக் காட்டும் டிஎஸ்ஏ முறையில் லேன்1, லேன்2 என்று தனித்தனிப் பெயர் வைப்பதால் தவறு உடனே தெரிந்துவிடுகிறது, பழைய ஸ்விட்ச் அமைப்பில் அது யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

இவ்வளவையும் ஃபிளாஷில் எழுதாமலே சோதிக்கலாம் என்பதைப் பலர் பயன்படுத்துவதில்லை. ரேமிலிருந்தே ஓடும் இனிட்ராம்எஃப்எஸ் இமேஜை உருவாக்கி, யூ-பூட் என்ற பூட்லோடரில், நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் டிஎஃப்டிபி வழியாக ரேமில் ஏற்றி பூட் செய்யுங்கள். தப்பாகிப்போனால் பவரை அணைத்துப் போட்டால் பழைய ஃபர்ம்வேர் அப்படியே எழுந்து வரும். எல்லாம் சரி என்று தோன்றிய பிறகு சிஸ்அப்கிரேட் செய்து ஃபிளாஷில் எழுதுங்கள்.

உங்கள் மாற்றங்களை பேட்சாக அனுப்பும்போது, அதோடு போகும் கமிட் செய்தியில் சிப், ரேம், ஃபிளாஷ் விவரம், மேக் முகவரிகள் எந்தப் பிரிவில் எந்த இடத்திலிருந்து வருகின்றன, நிறுவும் முறை, ஒரிஜினலுக்குத் திரும்பும் முறை எல்லாவற்றையும் எழுதுங்கள். திரும்பும் முறையை எழுதும் முன் ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள்.