தடைக்காலத்தில் ஒரு காதல் படம்

2025 மே 14, தங்கச்சிமடம், ராமேஸ்வரம் தீவு

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் நங்கூரமிட்டுக் கிடப்பதால் கரையில் என்ஜின் இரைச்சல் பெரும்பாலும் இல்லை. எங்கள் சிறு படத்தை இந்த நாட்களிலேயே எடுத்துவிட வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக இருந்ததற்கு அதுவே காரணம். ஒலிப்பதிவு என் பொறுப்பு. கதை சிறியது. துருத்தி கிழிந்த ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ஊரெல்லாம் அலைகிறாள். வாத்தியம் பழுது பார்ப்பவர் எவரும் இல்லாத அந்த ஊரில், வலை பின்னுகிறவன் ஒருவன் அதை வாங்கி வைத்துக்கொள்கிறான்.

மே 15

இரவு அனைவரும் சேர்ந்து ‘ஒன்ஸ்’ பார்த்தோம். ஜான் கார்னி டப்ளின் நகரில் 17 நாட்களில் எடுத்து முடித்த படம். பழுதான வேக்குவம் கிளீனரை நாய்க்குட்டியைப் போல இழுத்துக்கொண்டு அந்தப் பெண் தெருவில் நடந்துவரும்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிறகு அந்த பியானோக் கடை. அவன் கிட்டாரில் சுரக்கட்டுகளைச் சொல்லித் தருகிறான், அவள் தயங்கித் தயங்கிப் பியானோவில் சேர்கிறாள், பாட்டு முழு நீளத்துக்கும் நம் கண்முன்னே உருவாகிறது. காதலைச் சொல்லும் வசனம் அங்கே தேவைப்படவே இல்லை. நடித்த கிளென் ஹன்சார்டும் மார்கெட்டா இர்க்லோவாவும் இசைக்கலைஞர்கள் என்பதால் விரல்களில் பொய் இல்லை. அந்தப் பாடலுக்கு 2008இல் ஆஸ்கர் கிடைத்தது.

மே 19

துருத்தியின் மடிப்பு மூலையில் கிழிசல். எங்கள் நடிகருக்குக் கற்றுக்கொடுக்க, உண்மையிலேயே வலை பின்னும் பெரியவர் ஒருவர் வந்தார். பழைய மழைக்கோட்டில் ஒரு துண்டை வெட்டி, சைக்கிள் டியூபுக்குப் போடும் பசையைத் தடவி, கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு துருத்தியின் அருகே முகத்தைக் கொண்டுபோனார். “காத்து எங்க கசியுதுன்னு காதுக்குத் தெரியாது தம்பி, கன்னத்துக்குத்தான் தெரியும்” என்றார்.

இயக்குநர் அன்று மாலையே காட்சியை மாற்றி எழுதினார். அவள் துருத்தியை அசைக்கிறாள். அவன் பின்னால் குனிந்து கன்னத்தைக் காட்டுகிறான். அவள் அனுப்பும் காற்று அவன் முகத்தில் படுகிறது. படத்தில் அவர்கள் இதைவிட நெருங்கப் போவதில்லை.

மே 21

பாட்டை மதுரையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவுசெய்து, இங்கே வாயசைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கச்சான் காற்று விடாமல் வீசுவதால் அதை நான் தவறென்று சொல்ல முடியாது, ஆனாலும் மறுத்தேன். கூடத்தில் பதிவாகும் ஆர்மோனியத்தில் இந்தத் துருத்தியின் மூச்சு கேட்காது. பின்னணி பாடும் முறை வருவதற்கு முன், 1930களில், தமிழ்ப் படங்களில் நடிப்பவரே பாடினார். பக்கவாத்தியக்காரர்கள் கேமராவில் படாத இடத்தில் இருந்து வாசித்தார்கள். நம்மிடம் இருந்த பழக்கம்தான் அது. விடியுமுன் காற்று சற்றுத் தணியும்போது ஓலைக்கொட்டகைக்குள் எடுப்பதென்று முடிவாயிற்று.

மே 23

பாட்டின் நடுவே ரயில் வந்துவிட்டது. 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில், புதிய பாம்பன் பாலம் ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட பிறகுதான் மீண்டும் ஓடுகிறது. அது வரும் என்ற நினைப்பே எங்களில் ஒருவருக்கும் இல்லை. எங்கள் நடிகை நிறுத்தவில்லை. பாடுவதை மட்டும் விட்டுவிட்டு, வலக்கை விரலைப் பஞ்சமத்தில் வைத்தபடி, இடக்கையால் துருத்தியை மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தார். கிழிந்திருந்த நாளில் அந்தச் சுரம் இரண்டு நொடி நிற்காது. கடைசிப் பெட்டி கடந்துபோகும் வரை அது இறங்காமல் நின்றது. நடிகர் ஒட்டுப்போட்ட மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கியதும் விட்ட அடியிலிருந்து நடிகை மறுபடி பாடத் தொடங்கினார்.

இரண்டாம் முறை எடுக்கவில்லை.